கதவு வைத்த டிவி

1986இல் எங்கள் வீட்டுக்கு வந்த சாலிடர் டிவிக்குக் கதவு உண்டு. தேக்கு நிற மரப்பெட்டி, நான்கு கால், முகப்பில் இரண்டு பக்கத்திலிருந்தும் இழுத்து நடுவில் சேர்க்கும் மடிப்புப் பலகைகள். ஷட்டர் என்போம். பலகைகள் சேரும் இடத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு பூட்டு. சாவி அம்மாவின் கொத்தில், பீரோ சாவிக்கும் மளிகை அலமாரிச் சாவிக்கும் நடுவில் தொங்கும். அரைப் பரீட்சை வருகிறதென்றால் பத்து நாள் முன்பே ஷட்டர் விழுந்துவிடும். அதற்கு மேல் குரோஷா விரிப்பு, அதற்கும் மேல் பிளாஸ்டிக் ரோஜா. அப்படி ஒரு பொருள் வீட்டில் இருப்பதே மறந்துபோகும்.

திருவல்லிக்கேணியில் ஒரு ஸ்டோரில் குடியிருந்தோம். நீளமான முற்றத்தைச் சுற்றி எட்டு போர்ஷன், பொதுவில் ஒரு கிணறு, இரண்டு குளியலறை. டிவி எங்களிடம் மட்டும்தான். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நேரத்துக்கு எட்டு போர்ஷனும் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். எந்தப் பாட்டுக்கு யார் முணுமுணுப்பார்கள், எந்த நடிகர் வந்தால் யார் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் அத்துப்படி.

அந்த ஸ்டோரில் அந்தரங்கம் என்று ஒன்று இருந்ததாகச் சொல்ல மாட்டேன். எதிர் போர்ஷன் மாமிக்குத் தெரியாமல் எங்கள் வீட்டில் ஒரு அப்பளம்கூடப் பொரிய முடியாது. யாருக்கு மணியார்டர் வந்தது, யார் வீட்டுக்குக் கடன்காரர் வந்தார், எந்தப் பெண் ஐந்து மணி பஸ்ஸை விட்டுவிட்டு ஆறு மணி பஸ்ஸில் இறங்கினாள் எல்லாம் கிணற்றடியில் பேசப்படும். அதனால் கண்ணீர் விட்டவர்கள் உண்டு. வீடு மாற்றிக்கொண்டு போனவர்களும் உண்டு. ஆனால் மாமிக்கு எங்களைப் பற்றி என்ன தெரியுமோ, அதே அளவு மாமியைப் பற்றி எங்களுக்கும் தெரியும். அவர் பேச்சு முற்றத்தைத் தாண்டிப் போனால் அடுத்த தெரு வரை போகும். தீபாவளிக்குள் பாதி மறந்துவிடும். முக்கியமாக, சண்டை போட ஒரு முகம் இருந்தது. “ஏன் மாமி இப்படிச் சொன்னீர்கள்?” என்று அம்மா முற்றத்தில் நின்று கேட்க முடிந்தது, கேட்டும் இருக்கிறாள்.

நாங்கள் என்ன பார்க்கிறோம், பார்த்ததைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டுமானால், அதை நாங்களாகத்தான் சொல்ல வேண்டும். அதற்கென்றே சென்னைத் தொலைக்காட்சியில் ‘எதிரொலி’ என்று ஒரு நிகழ்ச்சி இருந்தது. நேயர்களின் கடிதங்களைப் படித்து அதிகாரி பதில் சொல்வார். அப்பா இரண்டு தபால் அட்டை போட்டார், இரண்டும் படிக்கப்படவில்லை. டிவிக்கு முந்தைய காலத்தில் ரேடியோவுக்கு லைசென்ஸ் வேண்டும். வருடத்துக்கு 15 ரூபாய் தபால் ஆபீஸில் கட்டி, சிறு புத்தகத்தில் முத்திரை குத்தி வாங்கி வர வேண்டும். 1980களின் நடுவில்தான் அது ஒழிந்தது. அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் இந்த வீட்டில் ஒரு ரேடியோ இருக்கிறது என்பது மட்டும் தெரியும். அதில் சென்னை வானொலி கேட்கிறார்களா, இலங்கை வானொலி கேட்கிறார்களா என்பது கேட்பவர் காதுக்கும் அவர் மனசாட்சிக்கும் இடையே.

ஓகே, ஓகே, ஓகே

சென்ற ஆண்டு வாங்கிய 43 அங்குல டிவியைச் சுவரில் மாட்ட ஒரு தம்பி வந்தார். துளை போட்டு, ஸ்டாண்டு இறுக்கி, ஒயர்களைக் கிளிப் போட்டு ஒதுக்கினார். வேலை சுத்தம். பிறகு ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, “சார், வைஃபை பாஸ்வேர்டு சொல்லுங்க” என்றார். சொன்னேன். திரையில் பொடி எழுத்தில் ஒரு பக்கம் வந்தது. அவர் கட்டை விரல் அசைந்தது. இன்னொரு பக்கம், இன்னொரு அசைவு.

“இதெல்லாம் என்னப்பா?”

“ஒண்ணுமில்ல சார், டேர்ம்ஸ்தான். எல்லாத்துக்கும் ஓகே குடுத்தாத்தான் ஆப் எல்லாம் ஓடும்.”

நான்கைந்து ஓகே. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக் கூடத்தைப் பற்றிய ஒப்பந்தத்தில் என் சார்பாகக் கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்டால் அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்மேல் குற்றமும் இல்லை. அன்றைக்கு அவர் இன்னும் மூன்று வீடு போக வேண்டும்.

அந்தப் பக்கங்களில் பெரும்பாலும் இருக்கும் ஒரு சமாச்சாரம், திரையில் ஓடுவதை டிவியே அடையாளம் கண்டுகொள்வது. திரைக் காட்சியிலிருந்தும் ஒலியிலிருந்தும் அடிக்கடி ஒரு மாதிரி எடுத்து, அதைக் கைரேகைபோலச் சுருக்கி, நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும். அங்கே படங்கள், தொடர்கள், விளம்பரங்களின் கைரேகைகள் ஏற்கெனவே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். பொருந்தினால், இந்த வீட்டில் இன்ன நேரத்தில் இன்ன நிகழ்ச்சி ஓடியது என்று பதிவாகிவிடும். எந்தச் சேனல், எந்த ஆப் என்ற கணக்கெல்லாம் அதற்குத் தேவையில்லை. கேபிள் பெட்டியிலிருந்து வந்தாலும் கம்ப்யூட்டரைக் கம்பி போட்டு இணைத்திருந்தாலும் திரையில் தெரிவதுதான் கணக்கு. லண்டன், மாட்ரிட், கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் சாம்சங், எல்ஜி டிவிகளை வைத்துச் சோதித்தார்கள். டிவியை வெறும் கம்ப்யூட்டர் திரையாகப் பயன்படுத்தியபோதும் இந்தப் போக்குவரத்து நடந்தது என்று எழுதினார்கள்.

இதற்கு முதல் பெரிய அடி 2017 பிப்ரவரியில் அமெரிக்காவில் விழுந்தது. விசியோ என்ற நிறுவனம் 1 கோடியே 10 லட்சம் டிவிகளில், பார்ப்பவர்களிடம் ஒழுங்காகச் சொல்லாமல், நொடிக்கு நொடி என்ன ஓடுகிறது என்று திரட்டி மற்ற நிறுவனங்களுக்கு விற்றது என்பது குற்றச்சாட்டு. அந்நாட்டு வர்த்தக ஆணையத்துக்கும் நியூ ஜெர்சி மாநிலத்துக்கும் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. வகுத்துப் பாருங்கள், டிவிக்கு 20 சென்ட். அபராதமா, தொழில் செலவா என்று கேட்கத் தோன்றும். 2021இல் அதே நிறுவனத்தின் ஒரு காலாண்டுக் கணக்கில் டிவி விற்ற லாபத்தைப் போல இரண்டு மடங்கு லாபத்தை விளம்பரமும் தரவும் சேர்ந்த பிரிவு கொடுத்திருந்தது. 2024 டிசம்பரில் வால்மார்ட் அந்த நிறுவனத்தை 230 கோடி டாலருக்கு வாங்கியது.

“அந்தக் காலத்தில் டிவி வாங்க ஆறு மாசச் சம்பளம், இப்போது ஒரு மாசச் சம்பளத்தில் பெரிய டிவியே வருகிறது” என்று வியக்கிறோம். உற்பத்திச் செலவு குறைந்தது உண்மை. மிச்ச விலையை நாம் வேறு விதத்தில் கட்டிக்கொண்டிருப்பதும் உண்மை. சாலிடர் டிவியை விற்ற மவுண்ட் ரோடு கடைக்காரருக்கும் எங்களுக்கும் இருந்த உறவு பில்லில் ‘நன்றி’ போட்டதோடு முடிந்தது. பிக்சர் டியூப் போனால்தான் மறுபடி பார்ப்போம். இன்றைக்கு வாங்கும் பொருளில் பில் போட்ட பிறகுதான் உறவே தொடங்குகிறது.

இப்படித் திரட்டுவதற்குப் பழைய காலத்திலும் ஒரு வழி இருந்தது. சில ஆயிரம் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்காரரிடம் சம்மதம் வாங்கி, டிவி மேல் ஒரு மீட்டர் பெட்டி வைப்பார்கள். டிஆர்பி என்று நாம் சொல்வது அப்படிக் கிடைத்த கணக்குதான். அந்தப் பெட்டி வீட்டில் இருப்பதை வீட்டார் அறிவார்கள். இப்போது டிவியே மீட்டர். அதைக் காசு கொடுத்து நாமே வாங்கி வருகிறோம்.

வீட்டைத் தெரிந்தவர்கள்

எங்கள் ஸ்டோரில் மூன்று போர்ஷனுக்கு ஒரே ஆள்தான் பெருக்கித் துடைத்தார். முனியம்மாக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது, அரிசி டின்னில் எவ்வளவு மிச்சம், எந்த ஜாடி உடைந்து மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு வீட்டுச் செய்தி அடுத்த வீட்டுக்குப் போக அவர் வாய் திறக்க வேண்டும். பெரும்பாலும் திறக்க மாட்டார். திறந்தால் வேலை போகும், கூடவே மரியாதையும் போகும்.

இன்று வட்டமாக, தட்டையாக ஒரு ரோபோ அந்த வேலையைச் செய்கிறது. சோபா எங்கே, சாப்பாட்டு மேஜை எங்கே, எந்த அறை எவ்வளவு சதுர அடி என்று வரைபடம் போட்டுக்கொள்ளாமல் அதனால் பெருக்க முடியாது. வரைபடம் அதன் வேலைக்கு வேண்டியதுதான். ஆனால் அந்த வரைபடமும் கேமரா எடுக்கும் படமும் வீட்டுக்குள்ளேயே நிற்கிறதா என்பது வேறு கேள்வி. 2022 டிசம்பரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழ் வெளியிட்ட கட்டுரை பலருடைய தூக்கத்தைக் கெடுத்தது. ரூம்பா என்ற ரோபோவின் சோதனைப் பிரதிகள் 2020இல் எடுத்த படங்கள் இணையத்தில் கசிந்திருந்தன. ஒன்றில் ஒரு பெண் கழிப்பறையில் உட்கார்ந்திருந்தார். இன்னொன்றில் ஒரு குழந்தை தரையில் படுத்தபடி அந்த ரோபோவையே பார்த்துக்கொண்டிருந்தது.

கசிந்த வழிதான் கவனிக்க வேண்டியது. யாரும் சர்வரை உடைத்துத் திருடவில்லை. “இது நாற்காலி, இது நாய், இது மனிதர்” என்று ரோபோவின் மூளைக்குச் சொல்லிக்கொடுக்க, படங்களில் கோடு போட்டுப் பெயர் எழுதும் கூலி வேலை ஒன்று இருக்கிறது. அந்த வேலைக்காகப் படங்கள் வெனிசுவேலாவில் இருந்த ஒப்பந்தப் பணியாளர்களுக்குப் போயிருந்தன. அவர்கள் வேலைச் சந்தேகம் கேட்கிற குழுக்களில் படங்களைப் போட்டுவிட்டார்கள். அவை கடையில் விற்ற ரோபோக்கள் எடுத்தவை அல்ல, சோதனைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர்களின் வீடுகளில் எடுத்தவை என்று நிறுவனம் விளக்கியது. கையெழுத்திட்டவர்கள் தங்கள் குளியலறை தென் அமெரிக்கா வரை போகும் என்று நினைத்துத்தான் கையெழுத்திட்டார்களா என்பதற்கு அந்த விளக்கத்தில் பதில் இல்லை.

சமையலறை மேடையில் உட்கார்ந்து “அலெக்சா, சுப்ரபாதம் போடு” என்றதும் போடுகிற பெட்டியும் இதே கதைதான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகு பேசுவதைத்தான் அது அனுப்ப வேண்டும். சில நேரம் வேறெதையோ தன் பெயர் என்று நினைத்துக்கொண்டு விழித்துக்கொள்ளும். அப்படிப் பதிவானவை உட்படப் பேச்சுத் துண்டுகளைக் கேட்டு எழுதித் திருத்த ருமேனியா, கோஸ்டா ரிகா, இந்தியா எனப் பல நாடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று 2019 ஏப்ரலில் புளூம்பெர்க் செய்தி சொன்னது. குழந்தைகளின் குரல் பதிவுகளைப் பெற்றோர் அழிக்கச் சொன்ன பிறகும் வைத்திருந்தது என்ற வழக்கில் 2023இல் அமேசான் இரண்டரைக் கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

எதிர் போர்ஷன் மாமியும் சுவரோரம் நின்று ஒட்டுக் கேட்டவர்தான். ஆனால் அவர் நிழல் ஜன்னலில் விழும். அம்மா பேச்சை மாற்றிவிடுவாள்.

வெள்ளை அட்டை

மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் வெள்ளை அட்டை நினைவிருக்கிறதா? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈபிகாரர் வருவார். “ரீடிங்!” என்று முற்றத்தில் நின்று ஒரு குரல். டார்ச் அடித்துப் பார்த்து, அட்டையில் பேனாவால் ஒரு எண், ஒரு தேதி, ஒரு சுழி. வருடத்துக்கு ஆறு எண்கள். அந்த ஆறு எண்ணை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டைப் பற்றி ஒருவர் கண்டுபிடிக்கக்கூடியது, மே மாதத்தில் ஃபேன் அதிகம் ஓடியது என்பதுதான்.

ஸ்மார்ட் மீட்டர் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை பதிவு செய்கிறது. கால் மணிக் கணக்கென்றால் ஆறு எண்கள் வருடத்துக்கு 35,000 எண்களாகிவிட்டன. 2021இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் இலக்கு நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர். சென்னை தி.நகரில் சோதனை முறையில் ஒரு லட்சத்துக்கும் அதிகமாகப் பொருத்திப் பார்த்தாயிற்று. மின் திருட்டைக் கண்டுபிடிக்க, எந்த நேரத்தில் தேவை ஏறுகிறது என்று அறிந்து திட்டமிட, ஆள் வராமலே கணக்கெடுக்க அது உதவும். மறுப்பதற்கில்லை.

ஆனால் மின்சார ஓட்டத்துக்கும் ஒரு கையெழுத்து உண்டு. ஃபிரிட்ஜ் ஓடி நிற்கும் தாளம் ஒன்று, கீசர் ஏறும் உயரம் ஒன்று, மிக்ஸி போடும் சிறு குத்து ஒன்று. வாசலில் உள்ள ஒரே மீட்டரின் அலைவைப் பார்த்து உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று பிரித்துவிடலாம் என்பதை அமெரிக்காவின் எம்ஐடியில் ஜார்ஜ் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1980களிலேயே செய்து காட்டினார். இது கண்காணிப்புக்குப் பயன்படக்கூடும் என்று 1989இல் எச்சரித்து எழுதியவரும் அவரேதான். அடிக்கடி எடுக்கும் கணக்கு என்றால் வீட்டார் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எப்போது வெளியூர் போனார்கள் என்பதை வரைபடமே சொல்லிவிடும். இந்தக் கவலையால்தான் 2009இல் நெதர்லாந்து நாட்டு மேலவை, எல்லா வீட்டிலும் ஸ்மார்ட் மீட்டர் கட்டாயம் என்ற மசோதாவைத் திருப்பி அனுப்பியது. அமெரிக்காவின் நேப்பர்வில் நகரத்து மக்கள் வழக்குப் போட்டார்கள். கால் மணிக்கொரு முறை கணக்கெடுப்பது வீட்டைச் சோதனை போடுவதற்குச் சமம் என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. வழக்குத் தொடுக்கும் நோக்கமில்லாமல் நகராட்சி செய்வதால் அது நியாயமான சோதனை என்றும் சேர்த்துச் சொன்னது.

மீட்டர் சாட்சிக் கூண்டில் ஏறியதும் உண்டு. 2015இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு மரண வழக்கு. நள்ளிரவு 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையே அந்த வீட்டில் 140 கேலன், அதாவது 500 லிட்டருக்கும் மேல் தண்ணீர் செலவானது என்று ஸ்மார்ட் தண்ணீர் மீட்டரின் கணக்கைக் காட்டிப் போலீசார் சந்தேகத்தை எழுப்பினார்கள். அலெக்சா பெட்டியின் பதிவையும் கேட்டார்கள். 2017இல் அரசுத் தரப்பே அந்த வழக்கைக் கைவிட்டது. ஆனால் வீட்டுச் சாமான்களை விசாரிக்கலாம் என்ற வழக்கம் அன்றே பிறந்துவிட்டது.

மாங்காய்ப் பூட்டும் அட்மின்123ம்

ஸ்டோரின் பெரிய கதவில் திண்டுக்கல் பூட்டு தொங்கும். மாங்காய் வடிவம், ஒரு கிலோவுக்குக் குறையாது. கையால் அடித்துச் செய்த பூட்டு. ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறக்காது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அது. ஊரிலுள்ள எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியைச் செய்து, அந்தச் சாவியின் அச்சையும் பெட்டியின் மேல் அச்சடித்து விற்றிருந்தால் அந்த ஆசாரியை ஊர் சும்மா விட்டிருக்காது.

கேமரா விற்பவர்கள் பல ஆண்டுகள் செய்தது அதைத்தான். பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். 2016இல் மிராய் என்று ஒரு வைரஸ் நிரல் உலவியது. அதன் கையில் இருந்தது அறுபதுக்கும் மேற்பட்ட ஆலைக் கடவுச்சொற்களின் பட்டியல் மட்டுமே. ஒவ்வொரு கேமராவாக, ரவுட்டராகக் கதவைத் தட்டி, பட்டியலில் உள்ளதைப் போட்டுப் பார்த்தது. லட்சக்கணக்கான கருவிகள் திறந்துகொண்டன. அந்தச் சேனையை வைத்து அக்டோபர் 21 அன்று நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்பட பெரிய தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் முடங்கின. அந்த நிரலைச் செய்தவர்கள் எதிரி நாட்டு ராணுவம் அல்ல. கம்ப்யூட்டர் விளையாட்டுச் சர்வர் போட்டியில் இறங்கிய இளைஞர்கள் மூன்று பேர் அந்த நிரலை எழுதியதாக 2017இல் ஒப்புக்கொண்டார்கள்.

அது யாருடைய தளமோ முடங்கியது என்று இருந்துவிடலாம். 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் நடந்ததை அப்படி விட முடியாது. ஒரு மகப்பேறு மருத்துவமனையின் உள்ளே, பெண்களைப் பரிசோதிக்கும் இடத்துக் கேமராப் பதிவுகள் யூடியூபில் துண்டுகளாகவும் டெலிகிராமில் காசுக்கும் விற்பனைக்கு வந்தன. விசாரணை விரிய விரிய, வேறு பல மாநிலங்களின் கேமராக்களும் இதே கும்பலிடம் சிக்கியிருந்தது தெரிந்தது. மருத்துவமனைக் கேமராவின் கடவுச்சொல், பெட்டியில் வந்தபடியே, ‘அட்மின்123’ என்று இருந்ததாகச் செய்திகள் கூறின. பாதுகாப்புக்கு என்று மாட்டிய கேமரா அது.

பூட்டை வெளியார் உடைக்கத் தேவையில்லாத சந்தர்ப்பமும் உண்டு. ரிங் என்ற வாசல்மணி கேமரா நிறுவனத்தின் ஊழியர் ஒருவரே, படுக்கையறை போன்ற இடங்களில் பெண்கள் வைத்திருந்த கேமராப் பதிவுகளை 2017இல் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2023இல் 58 லட்சம் டாலர் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. சாவி செய்தவரே சாவியின் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டிருந்த கதை.

சட்டம் எங்கே நிற்கிறது

தனியுரிமைக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கில்தான், தன்னைத் தனியே விட்டுவிடச் சொல்லும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக உறுதி செய்தார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் விதிகள் வெளியானது 2025 நவம்பரில். நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து ஒன்றரை ஆண்டு அவகாசம். தனி மனிதர் தம் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகச் செய்வதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. எதிர்வீட்டுக்காரர் தன் வாசல் கேமராவை உங்கள் வாசல் பக்கம் திருப்பி வைத்திருந்தால் இந்தச் சட்டத்தைப் புரட்டிப் பயன் குறைவு. அம்மா முற்றத்தில் நின்று கேட்டதுபோல நீங்களும் போய்க் கேட்பதுதான் இன்றைக்கும் முதல் வழி.

பூட்டு விஷயத்தில் கொஞ்சம் நல்ல செய்தி இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் வைத்துக் கருவி விற்பதைப் பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் தடை செய்துவிட்டது. இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல், இணையத்தில் இணையும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறினால்தான் விற்பனைக்கு வரலாம். ஏற்கெனவே மாட்டிய கேமராக்கள்? அவற்றுக்கு வீட்டுக்காரர்தான் சட்டம்.

துண்டு

இதையெல்லாம் சொல்லிவிட்டு, கருவிகளைத் தூக்கி எறியுங்கள் என்று சொன்னால் நான் பொய்யன். ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கும் என் பெரியம்மாவுக்கு வயது எண்பத்தொன்று. மகன் டல்லாஸில். கூடத்தில் ஒரு கேமரா மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். இரண்டு வருடம் முன்பு அவள் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தபோது, அங்கே தூக்கம் வராமல் போனைத் திறந்தவன் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தான். அந்தக் கேமரா இல்லாவிட்டால் மறுநாள் காலையில் பால்காரர் வந்துதான் பார்த்திருப்பார்.

ஆனால் மத்தியானம் சாப்பிட்டுப் படுக்கும்போது பெரியம்மா ஒரு துண்டை எடுத்து அதன் தலையில் போட்டுவிடுவாள். நான் போயிருந்தபோதும் போட்டாள். “ஏன் பெரியம்மா, அவன் பயப்படப் போறான்” என்றேன்.

“நாலு மணிக்கு எடுத்துடுவேன்னு அவனுக்குத் தெரியும். அதுவும் கொஞ்ச நேரம் கண்ண மூடட்டும்.”

எங்கள் ஷட்டர்தான் நினைவுக்கு வந்தது. சுவரில் மாட்டும் டிவிக்கு எந்தக் கம்பெனியும் கதவு வைத்துத் தரப் போவதில்லை. நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். புதுக் கருவி வந்தால் ரிமோட்டை நீங்கள் கையில் வாங்குங்கள். மாட்ட வந்த தம்பியை ஐந்து நிமிஷம் உட்காரச் சொல்லிக் காபி கொடுங்கள், பக்கத்தை நீங்கள் படியுங்கள். கேமராவானாலும் ரவுட்டரானாலும் பெட்டியில் வந்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றுங்கள். படுக்கையறையில் கேமரா வேண்டாம். எக்ஸ்சேஞ்சில் பழைய டிவியைப் போடுமுன் அதிலுள்ள கணக்குகளை அழித்து ஆலை நிலைக்குத் திருப்புங்கள்.

ஊருக்குத் திரும்பிய அன்று ராத்திரி என் டிவியில் செட்டிங்ஸுக்குப் போனேன். மூன்று பட்டியல் தாண்டி, நான்காவதற்குள், ‘பார்வைத் தகவல் சேவை’ என்ற பொருளில் ஒரு வரி. எதிரே பச்சை டிக். எடுத்தேன். அதற்குக் கீழே விளம்பரத்துக்கென்று இன்னொரு டிக், அதையும் எடுத்தேன். அணைத்தால் போக்குவரத்து நின்றுவிடுகிறது என்று அந்தப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பார்த்திருக்கிறார்கள். ஆறு மாதம் ஆயிற்று. படம் மங்கவில்லை, சத்தம் குறையவில்லை. ஓகே கொடுக்காவிட்டால் ஓடாது என்று அந்தத் தம்பி சொன்ன ஆப் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.